ஒரு நட்சத்திரம் குறைவாக

8.1.2025, புதன்
இவர் எடை நாற்பத்தாறு. “இன்னும் ரெண்டு கிலோ கொறைஞ்சா மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் ஆகணும்மா” என்றார் கோவில்பட்டி டாக்டர். விழுங்க முடிகிறது என்று டாக்டரே சொல்கிறார். பிறகு ஏன் இந்த மனுஷன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்? வாதம் வந்து வலது கை விழுந்ததும் எல்லாம் முடிந்தது என்று முடிவு கட்டிவிட்டாரா? முப்பது வருஷம் டிராயிங் மாஸ்டர். சரி. அந்த முப்பது வருஷமும் நான் சும்மாவா இருந்தேன்?

9.1
கஞ்சி வைத்தேன். கொட்டினேன்.

11.1, சனி
பெங்களூரிலிருந்து மகள் ப்ரியா ஒரு வீடியோ அனுப்பினாள். எவளோ ஒருத்தி உலகப் புகழ்பெற்ற ஓவியங்களைத் தட்டில் சமைக்கிறாள். “அப்பாக்கு இப்படிச் செஞ்சு குடேன்மா.” அவளுக்கென்ன, சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுவாள். இடுப்பு வலி எனக்கல்லவா? ஆனாலும் அலமாரியிலிருந்து இவருடைய ஓவியப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினேன்.

12.1, ஞாயிறு
புத்தகத்திலிருந்த சூரியகாந்திப் பூக்கள் படம். பசுவந்தனையில் இருக்கும் தங்கச்சி கொடுத்த குதிரைவாலியைக் குழைய வைத்து, மேலே மஞ்சள் பூசணிக்காய் மசியலில் இதழ் இதழாக வைத்தேன். இரண்டு மணி நேரம் நின்ற வேலை.

இவர் பார்த்தார். கண் கலங்கியது. “நல்லாருக்கு... அழிக்கக் கூடாது” என்று குழறினார். ஒரு வாய் தொடவில்லை. பசிக்குச் செய்து கொடுத்தால் பார்வைக்கு வைத்துக்கொண்டார்! அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

14.1
பொங்கல். மூன்று கரண்டி.

16.1, வியாழன்
நட்சத்திர இரவு. இதுதான் கடைசி என்று நினைத்துக்கொண்டுதான் செய்தேன். வேலியோரச் சங்குப்பூவைக் கொதிக்க வைத்து நீலச் சோறு. சுழல் சுழலாகத் தயிர். பருப்பு மசியலில் நட்சத்திரங்கள். கை அசந்து ஒன்றை விட்டுவிட்டேன் – புத்தகத்தில் பதினொன்று, என் தட்டில் பத்து. நிலாவையும் இடது பக்கம் வைத்துத் தொலைத்தேன்.

இவர் முகம் சுளித்தது. அது பள்ளிக்கூடத்து முகம். கரும்பலகையில் பிள்ளைகள் போட்ட கோடு கோணினால் கட்டைவிரலால் தேய்த்து அழிப்பாரே, அதே மாதிரி இடது கட்டைவிரலை நீட்டி நிலாவை வழித்தார். விரலைத் துடைக்கத் துணி தேடினார். நான் கொடுக்கவில்லை. வாயில் வைத்துக்கொண்டார். அப்புறம் அந்த மூலையையே சுத்தமாக வழித்துத் தின்றார். “வலது... பக்கம்ட்டி!” தட்டில் கால்வாசி காலி.

17.1
அப்படியா சங்கதி!

21.1, செவ்வாய்
இப்போதெல்லாம் வேண்டுமென்றே தப்புத்தப்பாகப் போடுகிறேன். மோனாலிசாவுக்குக் கம்மல் மாட்டினேன். கோதுமை வயலில் காக்கைக்குப் பதில் கோழி. “ஒண்ணுந் தெரியல ஒனக்கு” என்று திட்டித் திட்டித் தின்கிறார். தின்னட்டும்.

29.1, புதன்
நாற்பத்தேழரை. குழாய் வேண்டாமாம். “அப்படி என்னதாம்மா குடுக்கீங்க?” என்றார் டாக்டர். சிரித்து வைத்தேன்.

சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. ஒரு நாளைக்கு மூன்று படம். யாராவது ஒரு வேளை எனக்கு ஒரு தட்டுச் சோறு போட்டுக் கொடுத்தால் தேவலை.

5.2, புதன்
காலையிலிருந்து காய்ச்சல். குக்கரில் சோற்றை வைத்து இறக்கிவிட்டுப் படுத்தவள், ஏதோ சத்தம் கேட்டுக் கண் விழித்தேன். இவர் சுவரைப் பிடித்துக் காலை இழுத்துக்கொண்டு வந்து, கட்டில் பக்கம் ஸ்டூலில் ஒரு தட்டை வைத்தார். பாதி தரையில் சிந்தியிருந்தது. தயிர்ச்சோறு. அதன் மேல் ஊறுகாய் மசாலாவை விரலால் இழுத்து ஒரு முகம். மூக்கு கன்னத்தில் கிடக்கிறது. கண் ஒன்றுதான்.

“நீதான்” என்றார்.

வாதம் வந்த பிறகு இவர் போட்ட முதல் படம். ஓரத்துச் சோற்றை மட்டும் எடுத்துத் தின்றேன். முகத்தில் கை வைக்க மனசு வரவில்லை.

“சாப்பிடுட்டி” என்று அதட்டினார்.

“அழிக்கவாங்க?”

“நாளைக்கி... வேற போடுதேன். தின்னு.”

தின்றேன்.