போன் வராத குழு

பிப்ரவரி 3

சிஸ்டர் அவர்களுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். நான் நலமா என்று நீங்கள் கேட்கவில்லையே என்பதுதான் இந்தக் கடிதமே.

என்னை நினைவிருக்கிறதா? ஆண்கள் இதய வார்டு, ஜன்னலோரம் இரண்டாவது கட்டில். முப்பத்தெட்டு வருஷம் செருப்புக் கடையில் வேலை பார்த்தவன். ரத்த அழுத்தம் பார்க்க வந்தபோது, உங்கள் வலது கால் ஷூ ஒரு சைஸ் சின்னது என்று சொன்னேனே, அந்த ஆள். பக்கத்துக் கட்டிலில் ஸ்கூல் பஸ் டிரைவர். இரண்டு பேருக்கும் ஒரே வியாதி, ரத்தத்தைத் தள்ளுவதில் இதயத்துக்குச் சோம்பல். ஒரே நாளில், ஒரே பேனாவில், உங்கள் ஆய்வுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டோம். ஒரே நாளில் வீட்டுக்கும் வந்தோம்.

இப்போது செவ்வாய்க்கிழமை தவறாமல் காலை பத்து மணிக்கு அவருக்கு உங்களிடமிருந்து போன். எடை எவ்வளவு, உப்பைக் குறைத்தீர்களா, நீர் மாத்திரை போட்டீர்களா, மூச்சு வாங்குகிறதா என்று மொத்தம் ஆறு கேள்வி. மனுஷன் உடனே என்னைக் கூப்பிட்டுப் பீற்றிக்கொள்கிறார். "சிஸ்டர் என்னை எவ்ளோ அக்கறையா விசாரிக்கிறாங்க தெரியுமா?" என்கிறார். எனக்குக் கிடைத்தது ஒரு கையேடு. பதினாறு பக்கம். அட்டையில் சிரிக்கிற இதயத்தின் படம்.

என் இதயம் மட்டும் என்ன, கழித்துக்கட்டிய சரக்கா?

புகார் இருந்தால் இந்த முகவரிக்கு எழுதலாம் என்று படிவத்தின் அடியில் இருந்தது. எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
பங்கேற்பாளர் 114
(பெயர் வேண்டாம், எண் போதும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.)


பிப்ரவரி 8

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்களை நன்றாக நினைவிருக்கிறது. ஷூவையும் மாற்றிவிட்டேன்.

யாருக்குப் போன், யாருக்குக் கையேடு என்று நான் தேர்ந்தெடுக்கவில்லை. பெரிய டாக்டரும் தேர்ந்தெடுக்கவில்லை. முந்நூறு பேரின் எண்களையும் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு இரண்டாகப் பிரித்தது. நாங்கள் பிரித்தால் பிடித்தவர்களுக்கும், பார்த்தால் பாவமாக இருப்பவர்களுக்கும் போனைக் கொடுத்துவிடுவோம். பிறகு ஒருவர் பிழைத்தது போன் செய்ததாலா வேறு எதனாலா என்று யாராலும் சொல்ல முடியாது.

போன் செய்வதால் நன்மை உண்டா என்பதே எங்களுக்கு இன்னும் தெரியாது. உண்மையாகச் சொல்கிறேன். பன்னிரண்டு வருஷம் வார்டில் இருந்தேன். சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனவர்களை ஒரே மாதத்தில் மூச்சுத் திணறத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து மனம் விட்டுப்போய்த்தான் இந்த வேலையைக் கேட்டு வாங்கினேன். நடுவில் வாரம் ஒருமுறை யாராவது விசாரித்திருந்தால் போதுமோ என்று தோன்றும். தோன்றினால் மட்டும் போதாது என்பதற்காகத்தான் இந்த ஆய்வு.

உங்கள் குழுவில் இருப்பவர்களுக்கு நாங்கள் போன் செய்யவோ கடிதம் எழுதவோ கூடாது. இந்தக் கடிதமே அதிகப்படி. கையேட்டைப் படியுங்கள். மூன்றாம் மாதப் பரிசோதனைக்குத் தவறாமல் வாருங்கள்.

இப்படிக்கு,
ஆய்வுச் செவிலியர்


பிப்ரவரி 21

சிஸ்டருக்கு,

நீங்கள் எனக்கு எழுதக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் உங்களுக்கு எழுதக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். பதில் வேண்டாம்.

வீட்டில் எல்லாம் பரவாயில்லை. மனைவிதான் "யாருக்கு இப்படிப் பக்கம் பக்கமா எழுதுறீங்க? எனக்கு ஒரு வரி எழுதினதுண்டா?" என்று மூக்கால் அழுகிறாள். நாற்பது வருஷமாக ஒரே வீட்டில் இருப்பவளுக்கு என்னவென்று எழுதுவது? அடுப்படிக்கு ஸ்டாம்ப் ஒட்டவா?

போன செவ்வாய்க்கிழமை டிரைவரைப் பார்க்கப் போனேன். நான் இருக்கும்போதே உங்கள் போன் வந்தது. மடியில் உப்புக்கடலைப் பொட்டலம். "உப்பா? தொடுறதே இல்ல சிஸ்டர். எல்லாம் சூப்பரா இருக்கு" என்றார், வாயில் இருந்ததை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு. வைத்த பிறகு, ஏன் இப்படி என்று கேட்டேன். "பாவம், அவங்களும் எத்தனை பேருக்காகக் கவலைப்படுவாங்க? நல்லாருக்கேன்னு சொன்னா அவங்களுக்கு ஒரு சந்தோஷம்" என்றார். கோள் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். கோள்தான் சொல்கிறேன்.

என் விஷயத்தில் ஓர் அதிசயம். அறுபத்தேழு வயதில் எனக்குக் கால் வளர்கிறது. கடையில் வாடிக்கையாளர்களிடம் சொல்வோம், செருப்பைச் சாயங்காலம் வந்து வாங்குங்கள், அப்போதுதான் கால் கொஞ்சம் உப்பியிருக்கும், பிறகு கடிக்காது என்று. எனக்கு இப்போது காலையிலேயே ஷூ கடிக்கிறது. வாழ்நாளெல்லாம் எட்டாம் நம்பர் கால். பழைய கடைக்குப் போய் அளவுப் பலகையில் வைத்துப் பார்த்தேன், ஒன்பதைத் தொடுகிறது. சாக்ஸ் பதிந்த தடம் மத்தியானம் வரை போகவில்லை. கடையில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

உடம்பும் தேறிவிட்டது. பத்து நாளில் மூன்று கிலோ கூடியிருக்கிறேன். எல்லாம் தன் சமையலால்தான் என்று மனைவிக்கு வாயெல்லாம் பல். மூன்று தலையணையை அடுக்கி ராஜா மாதிரி சாய்ந்துகொண்டு தூங்குகிறேன். நேராகப் படுத்தால்தான் ஏனோ மூச்சு முட்டுகிறது.

பங்கேற்பாளர் 114


பிப்ரவரி 25

ஐயா,

நேற்று போனில் கத்தியதற்கு மன்னியுங்கள்.

உங்கள் கடிதத்தை அலுவலக வாசலில் நின்றபடியே படித்தேன். டிரைவர் கதை வரை சிரித்தேன். மூன்று கிலோ என்ற இடத்தில் உள்ளே ஓடினேன். உங்கள் எண்ணைத் தேடி எடுத்து அழைத்தால், நீங்கள் "அட, எனக்கும் போன் வந்துடுச்சா!" என்று குதிக்கிறீர்கள். அதனால்தான் "ஐயா, அது சதை இல்ல, தண்ணி! சட்டையை மாட்டிக்கிட்டு இப்பவே கிளம்புங்க!" என்று கத்திவிட்டேன்.

வெளிநோயாளர் பிரிவில் விசாரித்தேன். ஊசியிலேயே நீர் இறங்கிவிட்டதாம். படுக்கையில் சேர்க்க வேண்டியிருக்கவில்லை, சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள். இரண்டு நாள் கழித்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் அங்கிருந்த டாக்டர் சொன்னார். அதை நான் எழுதப் போவதில்லை.

கையேட்டில் ஆறாம் பக்கத்தைப் படியுங்கள். தினமும் காலையில் எடை பாருங்கள். திடீரென்று இரண்டு கிலோ கூடினால் யாரையும் கேட்காமல் நேராக வாருங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். நான் அழைத்ததை யாரிடமும் சொல்ல வேண்டாம். இனி எழுதவும் வேண்டாம்.

செவிலியர்


ஆகஸ்ட் 6

சிஸ்டருக்கு,

ஐந்து மாதம் வாயையும் மூடிக்கொண்டு பேனாவையும் மூடிக்கொண்டு இருந்தேன். ஆய்வு எனக்கு இன்றோடு முடிந்துவிட்டது, இனி எழுதலாம் அல்லவா?

ஆறாம் மாதப் படிவம் நிரப்ப இன்று வந்தேன். நீங்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனில் பேசிக்கொண்டிருந்தீர்கள். புதிதாக ஒரு பெண் கேள்வி கேட்டாள். "இந்த ஆறு மாசத்துல ஆய்வுப் பணியாளர் யாராவது உங்களைக் கூப்பிட்டு ஆலோசனை சொன்னாங்களா?" என்றாள். "ஒருத்தரும் இல்லம்மா" என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டாள். உங்களுக்கு ஒரு குறையும் வராது, நிம்மதியாக இருங்கள்.

டிரைவர் விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜூன் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. அந்தச் செவ்வாய்கூட உங்களிடம் சூப்பர் என்றுதான் சொன்னாராம். துக்கம் கேட்கப் போனபோது வாசலில் அவர் செருப்பைப் பார்த்தேன். புதுசு. பத்தாம் நம்பர். அவர் கால் எட்டரை. வார்டில் கட்டிலுக்கு அடியில் தினமும் கிடந்ததைப் பார்த்தவன், எனக்குத் தெரியாதா? கால் வீங்க வீங்கப் பெரிய சைஸாக வாங்கி மாட்டிக்கொண்டிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மனசு தாங்கவில்லை. உங்களிடம் கோள் சொன்ன நேரத்துக்கு அவரிடமே நாலு வார்த்தை கடுமையாகச் சொல்லியிருக்கலாம். சிரித்துவிட்டு வந்தேன்.

பங்கேற்பாளர் 114


ஆகஸ்ட் 11

ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு நாளாகப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன்.

டிரைவரின் தாள்களை எடுத்துப் பார்த்தேன். இருபது செவ்வாய், இருபது தாள். ஆறு கேள்விக்கும் நன்று, நன்று என்று என் கையெழுத்து. எடை இருபது வாரமும் எழுபத்தொன்று. உயிருள்ள மனிதரின் எடை அப்படி ஆணி அடித்த மாதிரி நிற்காது. எனக்கு உறைத்திருக்க வேண்டும். உப்புக்கடலை விஷயத்தை நீங்கள் எழுதியும் இருந்தீர்கள். அவரிடம் கேட்டால் "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பார், நம் கடிதங்கள் வெளியே வரும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். எனக்காகப் பயந்தேன். அவர் போய்விட்டார். இதை வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை.

உங்களை அழைத்தது தவறில்லை. ஆபத்து என்று தெரிந்தால் எந்தக் குழுவாக இருந்தாலும் அழைக்கலாம், எங்கள் விதிப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அன்றே அதை எழுதிப் பதிவு செய்ய வேண்டும். நான் செய்யவில்லை. செய்தால், உங்களோடு கடிதம் எழுதிக்கொண்டிருந்ததும் தெரிந்துவிடும்.

இப்போது நீங்களும் இல்லை என்று சொல்லிவிட்டீர்கள். என் மேல் உள்ள பிரியத்தால் சொன்னீர்கள், தெரியும். ஆனால் எங்கள் கணக்கில் நீங்கள் யார் தெரியுமா? போனே வராமல் ஆறு மாதம் நன்றாக இருந்தவர். டிரைவர், போன் வந்தும் இறந்தவர். இப்படியே போனால் போன் வீண் என்று முடிவு எழுதி மூடிவிடுவார்கள்.

தயவுசெய்து வந்து பதிலைத் திருத்துங்கள். நானும் சொல்லப் போகிறேன்.

செவிலியர்


ஆகஸ்ட் 15

பிடிவாதக்கார சிஸ்டருக்கு,

திருத்த மாட்டேன்.

முந்நூறு பேரில் நான் ஒருவன். ஒரு ஆள் சொன்ன பொய்யால் ஆய்வே கவிழ்ந்துவிடுமா? உங்கள் வேலை போனால் நான் எந்த முகத்தோடு கண்ணாடி பார்ப்பது? நீங்களும் வாயைத் திறக்காதீர்கள். என் மனைவியும் இதையேதான் சொல்கிறாள். நாற்பது வருஷத்தில் நாங்கள் இருவரும் ஒத்துப்போவது இது மூன்றாவது தடவை.

114


ஆகஸ்ட் 19

ஐயா,

சொல்லிவிட்டேன். கடிதங்களையும் கொடுத்துவிட்டேன்.

பெரிய டாக்டர் எல்லாவற்றையும் படிக்கும்வரை நின்றுகொண்டிருந்தேன். "கூப்பிட்டது தப்பில்லம்மா. எழுதாம மறைச்சதுதான் தப்பு" என்றார். வேலை போகவில்லை. போன் போய்விட்டது. திங்கள் முதல் கோப்பு அறையில் படிவங்களைப் பிரதி எடுக்கிறேன். செவ்வாய்க்கிழமை பத்து மணி ஆனால் கை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறது.

டிரைவரின் செருப்பைப் பற்றி நீங்கள் எழுதியதை டாக்டர் இரண்டு முறை படித்தார். ஒரு தாளில் எதையோ குறித்துக்கொண்டார்.

இங்கே ஐந்து செவிலியர்கள் இருக்கிறோம். ஆளுக்கு நாலு பேரிடம் இப்படிப் பிரியம் வைத்து மறைத்தால், போன் வராத குழு என்றே ஒன்று இருக்காது. நான் அழைத்தேன் என்று இப்போது நான் எழுதிக் கொடுத்த தாள் சொல்கிறது, இல்லை என்று உங்கள் தாள் சொல்கிறது. இரண்டில் ஒன்று பொய் என்று இருக்கும்வரை இரண்டையும் யாரும் நம்ப மாட்டார்கள். உங்களால் என் வேலைக்கு இனி ஒன்றும் ஆகாது, ஆக வேண்டியது ஆகிவிட்டது.

வாருங்கள், ஐயா.

செவிலியர்


பிப்ரவரி 17

அன்புள்ள ஐயா,

ஆகஸ்டில் நீங்கள் வந்து பதிலைத் திருத்திக் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்க்காமலே போய்விட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். கோபம் என்று புரிந்துகொண்டேன். ஆனாலும் முடிவு தெரிந்ததும் உங்களுக்கு எழுத வேண்டும் என்று இருந்தது. இந்தக் கடிதத்தைப் பெரிய டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

போன் வந்த நூற்றைம்பது பேரில் மறுபடி படுக்கையில் சேர்ந்தவர்களும் இறந்தவர்களும் முப்பத்தொரு பேர். போன் வராதவர்களில் நாற்பத்தாறு பேர். கம்ப்யூட்டர் போட்ட குழுவிலேயேதான் நீங்கள் இருக்கிறீர்கள், யாரும் மாற்றவில்லை. உங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: ஒருமுறை அழைக்கப்பட்டார். அந்த வரியை நான்தான் பிரதி எடுத்தேன்.

மார்ச் முதல் எல்லா நோயாளிகளுக்கும் போன். உங்களுக்கும். நான் பேச மாட்டேன், இன்னும் கோப்பு அறையில்தான் இருக்கிறேன். தாளில் இப்போது ஏழு கேள்விகள். ஏழாவது என்ன என்று எழுதிவிடலாம்தான். எழுதவில்லை.

உங்கள் அன்புள்ள,
செவிலியர்


மார்ச் 4

சிஸ்டருக்கு,

கோபம் இல்லை. வெட்கம். என்னால் உங்கள் போன் போனதே என்று உங்களைத் தேடி வரத் தைரியம் வரவில்லை. கோப்பு அறை எந்த மாடி? அடுத்த பரிசோதனைக்கு வரும்போது ஏறி வருகிறேன். லிஃப்டில்தான், பயப்படாதீர்கள்.

நேற்று செவ்வாய்க்கிழமை. மனைவி ஒன்பது மணிக்கே போனைத் துடைத்து மேசை மேல் வைத்துவிட்டாள். பத்து மணிக்கு அடித்தது. சின்னக் குரல், புதுப் பெண். ஆறு கேள்விக்கும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். உப்புக்கடலை ஒரு கை சாப்பிட்டதைக்கூட. மனைவி முறைத்தாள்.

பிறகு அந்தப் பெண், "ஐயா, கடைசிக் கேள்வி. உங்க செருப்பு, ஷூ எல்லாம் காலுக்குச் சரியா இருக்கா? சமீபத்துல பெரிய சைஸ் எதாவது வாங்கினீங்களா?" என்றாள்.

உப்பைப் பற்றிப் பொய் சொல்வார்கள், எடையைப் பற்றிப் பொய் சொல்வார்கள். செருப்பு கடிக்கிறதா என்று கேட்டால் யாரும் பொய் சொல்வதில்லை, சிஸ்டர். முப்பத்தெட்டு வருஷம் கேட்டவன் சொல்கிறேன். டிரைவர் சொல்லியிருப்பார். நம்பரோடு சொல்லியிருப்பார்.

குனிந்து என் காலைப் பார்த்தேன். "ஐயா? லைன்ல இருக்கீங்களா?" என்றாள்.

"இருக்கேம்மா" என்றேன். "எட்டு. எட்டுதான்."

அவள் எழுதிக்கொண்டாள்.

பங்கேற்பாளர் 114