உன் சித்தி வீட்டு வெள்ளைக் கப்போர்டு

விருதுநகர்,
ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் சுகிர்தாவுக்கு,

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளை ஸ்ரீராம்குமாரும் பேத்தி இனியாவும் அப்படியே இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இந்தக் காலத்தில் எவன் பேனா பிடித்துக் கடிதம் எழுதுகிறான் என்று நீ நினைப்பாய். போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிவதில்லை. போன வருஷம் உனக்கு மட்டும் என்று சொல்லி நான் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் சாயங்காலமே உன் சித்தப்பன் வீட்டு ஹாலில் ஓடியது, அது எப்படிப் போனது என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. உன் அம்மாவிடம் ஒன்று சொன்னால் அதை உன் சித்தியிடம் ஒப்பித்துவிட்டுத்தான் உலை வைப்பாள். ஆகவே காகிதம். இதைப் படிக்கும்போது தனியாக இருந்து படி.

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. டாக்டர் நடக்கச் சொல்கிறார், இவள் நடப்பது பக்கத்து வீடு வரைக்கும்தான், அங்கே உட்கார்ந்து பேசிவிட்டு வருவதை நடை என்று கணக்குச் சொல்கிறாள். நான் வழக்கம்போல் திருத்தங்கலுக்குப் பஸ்ஸில் போய்வருகிறேன். காலண்டர் வேலை ஆரம்பித்துவிட்டது, பிரஸ்ஸில் நிறம் சரிபார்ப்பது என் பொறுப்பு என்பதால் வீட்டுக்கு வரும்போது கண் எரிகிறது. அந்த முதலாளி என்னை மரியாதையாக நடத்துகிறார், ஏன் என்றுதான் தெரியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ குடும்ப குரூப்பில் ஒரு கேள்வி போட்டிருந்தாய். வெள்ளைக் கப்போர்டு இன்னும் ஸ்டைலில் இருக்கிறதா, புதுப்பட்டிச் சித்தி சமையலறையை அடர்ந்த சாம்பல் நிறத்துக்கு மாற்றித் தரச் சொல்கிறாள், எல்லோரும் கருத்துச் சொல்லுங்கள் என்று. ஆளாளுக்குப் பாய்ந்து வந்து சொன்னார்கள். உன் அத்தை, வெள்ளை ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது, மாற்று என்றாள். மதுரைக்காரர்கள் கறுப்பே நல்லது என்றார்கள். உன் அம்மா, யாரும் கேட்காமலே, பச்சை என்றாள். உன் சித்தப்பன் நவநீதகிருஷ்ணன் ஒன்றும் எழுதாமல் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டான். நான் மட்டும் பேசவில்லை. அப்பாவுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று நினைத்திருப்பாய்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஆர்க்கிடெக்டுக்குப் படித்த என் மகள் முதன்முதலில் வரைந்து கொடுத்த சமையலறை என் வீட்டுச் சமையலறை இல்லை. உன் அம்மா இன்னும் கடப்பாக் கல் தட்டில்தான் டப்பா அடுக்குகிறாள். சரி, உன் கல்யாணத்தில் நான் முறைத்துக்கொண்டு நின்றபோது முன்னால் நின்று எல்லாம் செய்தவன் உன் சித்தப்பன், அதற்கு நீ செய்த பதில் மரியாதை என்று அதை விழுங்கிக்கொண்டேன். ஆனால் அந்த வெள்ளையை உன் சித்தி ஸ்ரீமதி எப்படிக் கொண்டாடினாள் என்று உனக்குத் தெரியாது. வந்தவர்களைச் சாமி அறைக்குக்கூட அப்புறம்தான் கூட்டிப்போவாள், முதலில் சமையலறை. "பாத்தீகளா அத்தான், பால் மாதிரி இருக்குல்ல, எம்மக வெளிநாட்டுல இருந்து வரைஞ்சு அனுப்புனது" என்பாள். எம்மக என்றுதான் சொல்வாள், உன்னைத்தான். நான் ஈரக்கையோடு ஒரு கதவைத் தொட்டதற்கு என் கண் முன்னாலேயே துணி எடுத்துத் துடைத்தாள். அப்படிப்பட்டவள் இரண்டு வருஷத்துக்குள் அதை இருட்டு நிறமாக மாற்றச் சொல்கிறாள் என்றால், ஸ்டைல் என்ற ஒரு சொல்லை நம்பிவிட நான் நீ இல்லை.

இருந்தாலும் கேட்டுப் பார்ப்போம் என்று பைபாஸ் பக்கம் இருக்கும் மாடுலர் கிச்சன் கடைக்குப் போனேன். கடைக்காரன் பெயர் மணிமுத்து, சின்ன வயசு, வாய் ஓயாதவன். வெள்ளைக் கப்போர்டு ஸ்டைல் போய்விட்டதா என்றேன். "எவன் சொன்னது அண்ணாச்சி? இன்னைக்கும் பத்துல பாதி வெள்ளைதான் போகுது. பளபளன்னு இருக்குறதுதான் கொஞ்சம் குறைஞ்சிருக்கு, இப்ப மங்கலான வெள்ளை கேக்குறாக, கீழ மரக்கலர், மேல வெள்ளைன்னு கேக்குறாக. வீட்டுல யாருக்குச் செய்றீக, அளவு எடுக்க வரவா" என்று டேப்பைக் கையில் எடுத்துவிட்டான். அவன் விற்கிறவன், அவன் சொல்லையும் நான் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒன்று கேட்டேன். இரண்டே வருஷத்தில் வெள்ளையை யாராவது சாம்பலாக மாற்றுவார்களா என்று. சிரித்துக்கொண்டே சொன்னான், "கறை போகலைன்னா மாத்துவாக அண்ணாச்சி. வெள்ளை எல்லாத்தையும் காட்டிக்குடுத்துரும்ல."

நான் ஒரு மாதமாக மனசுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருப்பதைத்தான் அவன் விளையாட்டாகச் சொல்லிவிட்டான். உன்னிடம் அவர்கள் சொன்னார்களா இல்லையா தெரியாது, ஆனி மாதம் சோதனைக்கு வந்த அதிகாரிகள் ஒரே அறையில் அளவுக்கு மேல் ஆட்கள் இருந்ததைப் பார்த்துவிட்டுச் சித்தப்பன் பட்டாசுக் கம்பெனிக்குச் சீல் வைத்துவிட்டார்கள். குரூப்பில் அதைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததா, யோசித்துப் பார். கம்பெனி பூட்டிக் கிடக்கிறது. ஆனால் லோடு போகிறது. பிரஸ்ஸில் பட்டாசு லேபிள் அடிக்கிறோம் இல்லையா, அவன் லேபிள் ஆர்டர் குறையவே இல்லை. அந்த லேபிளில் முன்பு அண்ணன் தம்பி எங்கள் இரண்டு பேர் படமும் இருந்தது, இப்போது அவன் படம் மட்டும் இருக்கிறது. அதை என் கையாலேயே சரிபார்த்து அனுப்புகிறேன், அது வேறு கதை. பூட்டிய கம்பெனிக்கு லேபிள் எதற்கு? நான் யாரிடமும் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆடிப் பொங்கலுக்கு அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் அம்மாதான் போகச் சொல்லிப் பிடுங்கினாள், அவளால் பஸ் ஏற முடியவில்லை. போய் உட்கார்ந்ததும் டீ வந்தது. ஒரு வாய் குடித்ததுமே தெரிந்துவிட்டது, கடை டீ. பிளாஸ்க்கில் வாங்கி வைத்து ஊற்றிக் கொடுக்கிறார்கள். பொங்கலன்றைக்கு, அப்படி ஒரு சமையலறையை வைத்துக்கொண்டு, வீடு தேடி வந்த அண்ணனுக்குக் கடை டீ. அவமரியாதை என்றுதான் முதலில் நினைத்தேன், அப்படி நினைப்பது எனக்குப் பழக்கம்தான். கை கழுவுகிற சாக்கில் எழுந்து உள்ளே போனேன். அடுப்பு ஜில்லென்று இருந்தது. சிலிண்டரைக் காணோம். சாமிக்கு விளக்குகூட வீட்டுக்குள் ஏற்றவில்லை, வாசலில் வைத்திருந்தார்கள். அந்த வெள்ளைக் கதவுகளில், கைபிடிக்கிற ஓரத்தில் எல்லாம், வெள்ளி பூசிய மாதிரி விரல் தடம். ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்ந்து பார்த்தேன், மினுங்கியது. பின்னாலேயே வந்த உன் சித்தி சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே, "அலுமினியச் சட்டி கழுவுன கை அத்தான், வேற என்ன" என்றாள். சட்டி கழுவிய கையின் அழுக்கு கறுப்பாக, மங்கலாக இருக்கும், சுகிர்தா. மினுங்காது. நான் வேதியியல் படித்தவன், அந்தக் கம்பெனியில் மருந்து கலக்கிற இடத்துக்கு என்னைத்தான் உன் தாத்தா பொறுப்பாக வைத்திருந்தார். பட்டாசு மருந்தில் சேர்க்கிற அலுமினியத் தூள் கை ரேகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் எத்தனை சோப்பு போட்டாலும் போகாது, தொட்ட இடமெல்லாம் தடம் வைக்கும். சமையலறைக்குப் பின்னால் இருந்த ஸ்டோர் அறைக் கதவு சாத்தியிருந்தது. அதன் வாசலில், கம்பெனியில் மருந்து அறைக்கு முன்னால் போடுகிற மாதிரி ரப்பர் விரிப்பு, அதன் பக்கத்தில் மணல் நிரப்பிய வாளி, பெண்கள் செருப்பு நிறைய. வீட்டில் அன்றைக்கு இருந்த பெண் உன் சித்தி ஒருத்திதான்.

திரும்பி வந்து தம்பியைப் பார்த்து, "ஏலே, அடுப்பு ஏன் எரியலே" என்று கேட்டேன். "சிலிண்டர் தீந்துபோச்சு அண்ணாச்சி" என்றான். சிலிண்டர் தீர்ந்தால் காலி சிலிண்டராவது இருக்குமே என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "பாகம் பிரிஞ்சு இம்புட்டு வருசம் ஆச்சு, உங்க மூக்கு இன்னும் இங்கனயேதான் மோந்துக்கிட்டுக் கெடக்கு" என்றான். நான் எழுந்துவிட்டேன். பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்தான், அது அவன் வழக்கமில்லை. பஸ் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் தலையைக் குனிந்துகொண்டே, "அத்தனை குடும்பம் நம்மள நம்பிக் கெடக்கு. சீசன்ல கூலி இல்லைன்னா அவுக என்ன செய்வாக சொல்லுங்க. தீவாளி முடியட்டும் அண்ணாச்சி, எல்லாத்தையும் எடுத்துருதேன்" என்றான். எதை எடுப்பாய் என்று கேட்டேன். பஸ் வருது, ஏறுங்க என்றான்.

இதுதான் நடந்தது. ஒரு சொல் கூட்டவில்லை. அவன் கம்பெனியை மூடிவிட்டு வீட்டுக்குள், சமையலறைக்குப் பின்னால், ஆட்களை வைத்து மருந்து அடைக்கிறான். சாம்பல் நிறம் கேட்பது அதற்குத்தான். வருகிறவர்கள் கண்ணில் தடம் படக்கூடாது. அதற்கு உன் படிப்பையும் உன் நல்ல மனசையும் பயன்படுத்துகிறார்கள். நீயும் குரூப்பில் ஸ்டைலைப் பற்றி ஓட்டெடுத்துக்கொண்டிருக்கிறாய்.

இதையெல்லாம் நான் ஏன் எழுதுகிறேன் என்றால், நீ ஐப்பசியில் தீபாவளிக்கு முன்னால் வருகிறாய், வந்து தங்கப்போவது அந்த வீட்டில். எங்கள் வீட்டில் ஏசி இல்லை, குழந்தைக்குப் பாத்ரூம் வசதிப்படாது என்று அம்மாவிடம் சொன்னாயாம். எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் அது பொய், ஆனால் இப்போது அது பேச்சில்லை. உனக்கும் இனியாவுக்கும் ஒதுக்கியிருக்கிற ஏசி அறை அந்த ஸ்டோர் அறைக்கு நேர் மேலே இருக்கிறது. சமையலறை வரைவதற்காக அவர்கள் உனக்கு அனுப்பிய வீட்டுப் பிளான் இருக்கும், எடுத்துப் பார்த்துக்கொள். நீ குழந்தைக்குப் பால் காய்ச்சவேண்டும் என்று சொன்னால் உனக்காகச் சிலிண்டரைக் கொண்டுவந்து மாட்டுவார்கள், விருந்தாளி முன்னால் மாட்டாமல் இருக்க முடியாது. மாப்பிள்ளை மொட்டை மாடியில் சிகரெட் குடிப்பதை நான் பார்த்ததில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். பார்த்திருக்கிறேன்.

அதிகாரிகளிடம் சொல்லவேண்டியதுதானே என்று கேட்பாய். சொன்னால் அவனை ஜெயிலுக்குக் கொண்டுபோவார்கள். அவன் மேல் எனக்கு எத்தனை வருத்தம் இருந்தாலும் அந்தக் காட்சியை நான் பார்க்க ஆசைப்படவில்லை, அதை நீ நம்பினால் நம்பு. ஆனால் அந்த அறையில் உட்கார்ந்து வேலை செய்கிற பெண்களை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை, இதை இப்படியே விட்டுவைக்கவும் முடியாது. நான் சொல்லி அவன் கேட்கமாட்டான். நீ சொன்னால் கேட்பான். அவனுக்குப் பிள்ளை இல்லை, இனியா வருகிறாள் என்று இப்போதே ஊஞ்சல் வாங்கி மாட்டியிருக்கிறான். அதனால் நீ இரண்டு காரியம் செய். வெள்ளை இன்னும் ஸ்டைலில்தான் இருக்கிறது, மாற்றத் தேவையில்லை என்று குரூப்பிலேயே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடு, நீ சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. சித்தப்பனைத் தனியாகக் கூப்பிட்டு, பின் அறையைக் காலி செய்து அதை வீடியோவில் திறந்து காட்டு, காட்டினால்தான் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வருவேன், இல்லாவிட்டால் டிக்கெட்டை ரத்து செய்கிறேன் என்று சொல். கத்தாதே. கத்தினால் அவனுக்குச் சௌகரியம், அவனும் கத்தி முடித்துவிடுவான். அமைதியாகச் சொல். ஐப்பசிக்குள் திறந்து காட்டவில்லை என்றால், அதற்குப் பிறகு நான் யாரிடம் போவேன் என்பதையும் அவனுக்குச் சொல்லிவிடு.

இதில் எனக்கு ஒரே ஒரு பயம். அப்பாவுக்குச் சித்தப்பனைக் கண்டால் ஆகாது, கம்பெனி கையைவிட்டுப் போன வயிற்றெரிச்சல், எதைப் பார்த்தாலும் சந்தேகம் என்று நீ இந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிடுவாய். அதெல்லாம் உண்மைதான். சந்தேகப்படுகிறவனாகவே பேர் வாங்கிவிட்டேன். ஆனால் நான் சொல்லவில்லை என்று வைத்துக்கொள். யாரோ முன்பின் தெரியாத ஒருவன் கடை டீயையும் ஜில்லென்ற அடுப்பையும் கதவில் மினுங்கிய விரல் தடத்தையும் உன்னிடம் வந்து சொன்னான் என்று வைத்துக்கொள். அப்போது நீ குழந்தையை அங்கே படுக்க வைப்பாயா?

இனியா நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, நோய்நொடி இல்லாமல் வளரட்டும். நீங்கள் இருவரும் சண்டை சச்சரவு இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள். அங்கே குளிர் காலம் இன்னும் முடியவில்லை என்கிறார்கள், குழந்தையை வெறுங்காலோடு நடக்கவிடாதே. இங்கே வந்தால் உன் அம்மாவின் கடப்பாக் கல் சமையலறையில் அடுப்பு எரியும், ஏசி மட்டும் இருக்காது, அதற்கு என்னால் ஆனதைப் பார்க்கிறேன். குரூப்பில் பதில் போட மறந்துவிடாதே.

திருத்தங்கல் தபாலாபீசில் போட்டால் என் கையில் என்ன உறை, யாருக்கு என்று கேட்பார்கள். விருதுநகர் ஸ்டேஷன் பக்கத்துப் பெட்டியில் போடப்போகிறேன். நீ இதைச் சித்தப்பனுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினாலும் அனுப்பு, ஒருவேளை அதுதான் நல்லது. ஆனால் அடியில் என் பெயரைப் பார்த்தால் அவன் மேலே ஒரு வரி படிக்கமாட்டான், நீயும் பாதியில் நிறுத்தினாலும் நிறுத்துவாய். அதனால் கையெழுத்துப் போடாமலே அனுப்புகிறேன்.