சோதனைக்கு எழுதிய குறுஞ்செய்தி

அன்புள்ள அப்பாவுக்கு, புனேயிலிருந்து மலர்க்கொடி வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அம்மாவும் நலமா? போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

செவ்வாய்க்கிழமை உங்களுக்கு வந்த செய்தி ஆஸ்பத்திரி அனுப்பியதல்ல. என் தவறு. நோயாளிகளுக்குச் செய்தி அனுப்பும் ஒரு புரோகிராமைச் சோதித்துக்கொண்டிருந்தேன். அப்போது நிஜமாக அனுப்பும் பகுதிக்குப் பதிலாக, 'அனுப்பியாச்சு' என்று பொய் மட்டும் சொல்லும் ஒரு போலிப் பகுதியை வைப்போம். செய்தி எங்கும் போகாது. அந்தப் போலியை நான் இடம் மாற்றி வைத்துவிட்டதால், நிஜப் பகுதியே செய்தியை அனுப்பிவிட்டது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் உங்களுடையது. அதைத்தான் போட்டிருந்தேன். "நாளை அறுவை சிகிச்சை, சாப்பிடாமல் வரவும்" என்று எடமலைப்பட்டி புதூரில் இருக்கும் உங்களுக்கே போய்விட்டது.

பதறிப்போய்க் கூப்பிட்டேன். சிரிப்பீர்கள் என்று நினைத்தேன்.

"டாக்டர் அடுத்த மாசம்னுதானே சொன்னாரு?" என்றீர்கள். பிறகு, "உனக்கு யாரும்மா சொன்னா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டீர்கள்.

இன்றுவரை வேலை ஓடவில்லை. என்ன அறுவை சிகிச்சை அப்பா? எத்தனை நாளாகத் தெரியும்? அம்மாவிடம் சொல்லவில்லை என்றால் இன்றைக்கே சொல்லுங்கள்.

டாக்டர் சீட்டைப் படமெடுத்து அனுப்பும்படி தம்பி பாலுவிடம் சொல்லுங்கள். என் போர்வையை வெயிலில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். லீவு கேட்டு வாங்கிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை வருகிறேன். ஜங்ஷனுக்கு வண்டி எடுத்துக்கொண்டு வராதீர்கள், நானே ஆட்டோவில் வந்துவிடுவேன். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
மலர்க்கொடி