துண்டு போட்டவரைப் பார்க்கக் கூடாது

என் செல்லத் தம்பி இளங்கோவுக்கு, வராத பஸ்ஸின் கண்டக்டருக்கு,

எப்படிடா இருக்கே என்று கேட்டுத்தான் ஆரம்பிக்கக் கை போகிறது. பழக்க தோஷம். போன புதன்கிழமைகூட உன் நம்பருக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். ஒற்றை டிக் விழுந்து அப்படியே நிற்கிறது. சரி, இது வேலைக்கு ஆகாது என்று காகிதத்தை எடுத்துவிட்டேன்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் என் ஜெராக்ஸ் கடை அப்படியேதான் இருக்கிறது. வயரிங் வேலை முடிந்து சாயங்காலம் நீ வந்து உட்காருவாயே, அந்த பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் இப்போது பேப்பர் கட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறேன். காலியாக இருந்தால் கண் அங்கேயே போகிறது. கடைக்கு வருகிறவர்களிடம் 'ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா' என்பதற்கு மேல் நான் இப்போதெல்லாம் பேசுவது இல்லை.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். போன சனி, ஞாயிறு 'கடைசி பஸ்' ஆட்டத்தை மறுபடி நடத்தினோம். வெள்ளிமலையில், அதே களத்தில். நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இனிமேல் ஜென்மத்துக்கும் நடத்த மாட்டேன் என்று சத்தியம் செய்தவள் நான்தான். திட்டாதே, முழுசாகக் கேள்.

கொஞ்சம் பொறு. இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு நம் ஆட்டம் என்னவென்று தெரியாது. அவர்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன்.

இது நாடகம் இல்லை. மேடை கிடையாது, வேடிக்கை பார்க்க ஆள் கிடையாது, மனப்பாடம் செய்ய வசனம் கிடையாது. இருபத்திரண்டு பேர் ஒரு இடத்தில் கூடுவார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள் கொடுப்போம். நீ யார், உனக்கு என்ன வேண்டும், எதை மறைக்கிறாய் என்று அதில் மூன்றே மூன்று வரி இருக்கும். அப்புறம் ரெண்டு நாள் அவர்கள் அந்த ஆளாகவே பேச வேண்டும், சாப்பிட வேண்டும், சண்டை போட வேண்டும். 'கடைசி பஸ்' ஆட்டத்தில், மலைப்பாதையில் மண் சரிந்து கீழே போகிற பஸ் வரவில்லை. காத்துக்கிடக்கும் பயணிகளின் கதை. தாள்களை எழுதுவது நான், களத்தில் கண்டக்டராக நின்று நடத்துவது இளங்கோ.

பெங்களூருக்கு வயரிங் வேலைக்குப் போன இடத்தில் இதைப் பிடித்துக்கொண்டு வந்தவன் நீ. கண் ரெண்டும் பளபளக்க என் கடையில் நின்று சொன்னாயே! "அக்கா, பெரிய பெரிய ஆபீஸருங்க ராஜா, திருடன்னு மாறி ரெண்டு நாளு அப்பிடியே இருக்கறாங்க. காவக்காரனுக்கு ஆள் கம்மின்னு என்னையும் நிக்க வச்சிட்டாங்க. வூட்டுக்கு வந்தும் நான் காவக்காரனாவே இருந்தேன்க்கா!" அன்றைக்கு உன்னைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அடுத்த வாரமே தாள் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நம் முதல் ஆட்டத்தில் ஒரு கல்லூரிப் பெண் அழுதது ஞாபகம் இருக்கிறதா? நன்றாக நடிக்கிறாள் என்று எல்லாரும் அவளை இன்னும் கிளறினார்கள். அவள் நிஜமாகவே உடைந்து போயிருந்தாள். அன்றைக்குச் சாயங்காலமே நீ விதி போட்டாய்: "ஆளுக்கு ஒரு துண்டு குடுத்துடலாம்க்கா. முடியலன்னா தலைமேல போட்டுக்கினு ஓரமா போய் குந்தட்டும். துண்டு போட்டவங்கள யாரும் பாக்கக் கூடாது. இன்னா ஆச்சுன்னு கேக்கக் கூடாது. தானா எடுத்துட்டு வரட்டும்." நான் அதைக் கொட்டை எழுத்தில் அச்சடித்து ஷெட்டில் ஒட்டினேன். நிலத்துக்காரர் பெரியசாமி அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா, வந்தவங்க எல்லாம் தலையில துண்டப் போட்டுக்கினு குந்திக்கினு இருக்கறாங்க, அவ்ளோ நஷ்டமா?" என்று கேட்டார். எத்தனை நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்!

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த பாதி வேறு, எனக்குத் தெரிந்த பாதி வேறு.

தை மாதம். சாமை அடித்து முடித்த களம், தகர ஷெட், ஓரத்தில் அந்தப் பலா மரம். காலையிலேயே நமக்குள் சண்டை. "கடைசில பஸ்ஸு வரணும்க்கா. ரெண்டு நாளு காத்துக்கினு இருக்கறாங்க, ஒரு ஹாரன் சத்தமாவது கேக்கணும்" என்றாய். "வராதுடா, வராம இருக்கறதுதான் ஆட்டமே" என்றேன். "நீ எழுதிக் குடுத்துட்டு பூடுவே. வரும் வரும்னு அவங்க மூஞ்சப் பாத்து சொல்றவன் நானு" என்று சொல்லிவிட்டு, கண்டக்டர் பையை மாட்டிக்கொண்டு விருட்டென்று போனாய். என்னிடம் நீ கடைசியாகப் பேசியது அதுதான்.

பதினோரு மணி இருக்கும். ஆட்டத்தில் நான் குடம் தூக்கிக்கொண்டு அங்கும் இங்கும் போகிற பெண். அப்படிப் போனால்தான் எல்லாரையும் கண்காணிக்க முடியும். குழாய்க்குப் போகும்போது பார்த்தேன். நீ துண்டைத் தலையில் போட்டு, பலா மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். துரை கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், இருக்கட்டும் என்று போய்விட்டேன்.

தண்ணீர் பிடித்துத் திரும்பும்போதும் பார்த்தேன். அப்படியே இருந்தாய். ஒரு கால் செருப்பு கழன்று கிடந்தது. நான் நின்றேன்டா. "டேய்" என்ற சொல் வாய் வரைக்கும் வந்தது. விதியை அச்சடித்து ஒட்டினவளே மீறினால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிட்டேன். அது விதியா, வீம்பா? இன்னும் எனக்குத் தெரியவில்லை. என்னைப் போலவே இன்னும் எத்தனை பேர் மரியாதையாகக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு உன்னைக் கடந்து போனார்களோ?

உன்னைப் பார்த்தவள் அஞ்சலை அக்கா. சமைக்க வந்தவள், ஆட்டத்தில் இல்லாதவள், விதியைக் காதில் வாங்காதவள். "தம்பி, டீ ஆறிப்போவுது" என்று டம்ளரை நீட்டி, துண்டை விலக்கினாள். அவள் போட்ட அலறல்தான் எங்களை எழுப்பியது. அப்போதும்கூட நர்ஸ் வேஷத்தில் இருந்த பெண் ஓடி வந்து, உன் கையைப் பிடித்துக்கொண்டு நடித்தாள். கை சில்லிட்டிருப்பது தெரிந்து, ஐயோ என்று விட்டாள். "ஆட்டம் முடிஞ்சுடுச்சு, ஆட்டம் முடிஞ்சுடுச்சு" என்று நான் கத்துகிறேன். அதையும் சிலர் ஆட்டம் என்றே நினைத்தார்கள்.

ஜீப்பில் உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு மலை இறங்கினேன். ஒவ்வொரு வளைவிலும் உன் தலை சாய்ந்தது. கீழே டாக்டர், "மாரடைப்பு, உயிர் போயிடுச்சு. எவ்வளவு நேரமா இப்படி இருந்தாரு?" என்று கேட்டார். "இப்பத்தான் சார்" என்றேன். அடுத்து உன் பெண்டாட்டி மேகலா ஓடி வந்தாள். அவளிடம், "யாருமே பாக்கலம்மா" என்றேன். அவள் அதை அப்படியே நம்பினாள். நான் சொன்னால் வேதவாக்கு அவளுக்கு.

இருபத்திரண்டு பேருக்கு 'எதை மறைக்கிறாய்' என்று எழுதிக் கொடுத்தவள் நான். எனக்கான வரியை நானே எழுதிக்கொண்டேன் பார்த்தாயா.

அப்புறம் என் நாட்கள் எப்படிப் போயின என்று கேட்க மாட்டாயா? வடக்கனந்தல் வீட்டில் நான் ஒருத்திதான். கதவைத் திறந்து, சமைத்து, கதவைச் சாத்துகிறேன். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால், இவர் எதை மறைக்கிறார் என்று மனசு தாள் எழுதத் தொடங்கும். முன்பெல்லாம் சாயங்காலம் உன்னிடம் சொல்வேன். நீ அதை நடித்தே காட்டிவிடுவாய். இப்போது யாரிடம் சொல்வது? சொல்லாமலே உள்ளே கிடந்து புளித்துப் போகிறது.

போன பங்குனியில் மேகலா கடைக்கு வந்தாள். தைத்து முடித்த ஜாக்கெட் துணிகளைக் கொடுத்துவிட்டு வரும் வழி. உன் ஸ்டூலில் இருந்த பேப்பர் கட்டைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "அக்கா, அவரு இன்னாத்துக்கு இதுமேல இவ்ளோ உசுர வச்சிருந்தாருன்னு ஒருவாட்டி நான் பாக்கணும். நீங்க நடத்துங்க. கண்டக்டரு நானு" என்றாள். எப்படியடா மாட்டேன் என்பேன்?

நடத்தினேன். விதியை மட்டும் மாற்றினேன். துண்டு போட்டவர் பக்கத்தில் யாராவது ஒருவர் போய் உட்கார வேண்டும். வேஷத்தை விட்டுவிட்டு, சொந்தப் பேரைச் சொல்லி, 'இன்னா ஆச்சு' என்று கேட்க வேண்டும். பதில் வரும் வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது.

உன் பெண்டாட்டி கெட்டிக்காரிடா. உன் பையை மாட்டிக்கொண்டு, விசிலை வாயில் வைத்துக்கொண்டு, களத்தையே கலக்கிவிட்டாள். அஞ்சலை அக்கா அடுப்படியிலிருந்தே, "ஏ கண்டக்டரம்மா, பஸ்ஸு எப்பதான் வரும்?" என்று வம்புக்கு இழுத்தாள். "வந்துக்கினே இருக்குதுக்கா, கொண்டை ஊசி வளைவு தாண்டிட்டுது!" என்றாள் இவள். அச்சு அசல் நீ. நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு என் கால் தானாகப் பலா மரத்தடிக்குப் போனது. திட்டம் போட்டுச் செய்யவில்லை, உன்மேல் ஆணை. துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளே ஒரே புழுக்கம். வெளியே நடக்கிறவர்களின் பாதம் மட்டும்தான் தெரிகிறது. உனக்கும் அப்படித்தான் தெரிந்ததா? என் பாதம் வந்ததும், நின்றதும், போனதும் தெரிந்ததா?

யாரோ பக்கத்தில் உட்கார்ந்தார்கள். "நான் மேகலா. இன்னா ஆச்சுக்கா?"

வேறு யார் கேட்டிருந்தாலும் தலைவலி என்று சொல்லியிருப்பேன். அவளிடம் அதற்குமேல் ஒரு பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. "நான் பாத்தேன் மேகலா. அன்னிக்கி அவன் இங்க குந்தியிருந்தத ரெண்டு வாட்டி பாத்தேன். பாத்துட்டுப் போய்ட்டேன்" என்றேன்.

அவள் பாதத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள். அப்புறம், "அவரு உங்கள பாத்தாரா?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா. துண்டு மூஞ்ச மறைச்சிக்கினு இருந்துது."

"பஸ்ஸுக்கு ஆளுங்க நிக்கறாங்க" என்று எழுந்து போனாள். அவ்வளவுதான். மத்தியானம் முழுக்க 'வரும், வந்துடும்' என்று அவள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒருமுறைகூடப் பிசிறவில்லை.

நாலு மணிக்கு உன் ஹாரன் அடித்தது இளங்கோ. ஆமாம், பஸ்ஸை வரவைத்துவிட்டேன். பஸ் எங்கே கிடைக்கும், ஜீப்தான். எனக்கும் டிரைவருக்கும் மட்டும்தான் தெரியும். வளைவுக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டதும் இந்த முறை வந்திருந்த பதினெட்டு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். சிலர் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். நீ சொன்னதுதான் சரி, நான் எழுதினது தப்பு. மேகலா நீளமாக ஒரு விசில் ஊதினாள். ஊதிவிட்டு, நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

நான் ஓடியிருக்க வேண்டும். பத்தடி தூரம்கூட இல்லை. கால் வரவில்லைடா. என்னைப் பார்த்தால் அவளுக்கு இன்னும் வலிக்குமே, விட்டுவிடலாம் என்று நின்றேன். பழைய விதி அப்படி உடம்பில் ஊறியிருக்கிறது. புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு பெண்தான் போய் உட்கார்ந்து கேட்டாள். "ஒண்ணும் இல்லம்மா" என்றாள் மேகலா. பதில் வந்துவிட்டது என்று அந்தப் பெண்ணும் எழுந்துவிட்டாள்.

ஜீப்பில் மேகலா முன்னால், நான் பின்னால். நைனார்பாளையத்தில் துண்டை எடுக்காமலே இறங்கி, திரும்பிப் பார்க்காமல் உங்கள் தெருவுக்குள் போனாள். இன்றோடு ஆறு நாள். போன் எடுக்கவில்லை. கொஞ்ச நாள் விட்டுவிடு, தானாக வருவாள் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கும் வரைக்கும். அவள் இன்னும் துண்டோடுதான் உட்கார்ந்திருக்கிறாள்.

நாளைக்குக் காலை முதல் பஸ் பிடிக்கிறேன். உன் வாசலில் போய் உட்காரப் போகிறேன். கதவைச் சாத்தினாலும் சரி, தெருவே கூடி வேடிக்கை பார்க்க என்னை நாறடித்தாலும் சரி. "நான் வசந்தா. இன்னா ஆச்சு மேகலா?" என்று கேட்பேன். பதில் வரும் வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

ரெண்டு முறை உன்னைப் பார்த்தும் நிற்காமல் போன உன் அக்கா,
வசந்தா