அப்பாவின் புத்தகத்தில் இல்லாத பெயர்

யாஷ்,
9 மார்ச் 1986

அன்பு மகள் ருக்ஸாந்த்ராவுக்கு அம்மா எழுதுவது.

நீ பாரிசில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. அப்பாவிடம் படித்த டாக்டர் ஒருவர் மாநாட்டுக்கு அங்கே வருகிறார். அவருடைய கோட்டின் உள்துணியில் வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். அதனால் இந்த ஒரு தடவை எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

இங்கே குளிர் இன்னும் விடவில்லை. முட்டைக்காக நேற்று மூன்று மணி நேரம் வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு தூதோரா, "முட்டையை விடுங்கக்கா, கோழி எப்படி இருக்கும்னாவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுச் சிரிக்க வைத்தாள்.

அப்பா மறுபடி ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இன்னும் எட்டு வாரத்தில் வரும் ஈஸ்டரைப் பார்ப்பது கஷ்டம் என்று அங்கிருக்கும் டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார். அப்பாவுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

அப்பாவின் புத்தகத்தைப் பார்த்த பிறகுதான் நீ எங்களுக்குக் கடிதம் எழுதுவதை நிறுத்தினாய். உன்மேல் தப்பில்லை. நாற்பது கவிஞர்களைப் பற்றி எழுதிய மனிதர் பெற்ற மகளின் பெயரை மட்டும் விட்டுவிட்டால் யாருக்குத்தான் வயிறு எரியாது! ஆனால் அதைச் செய்தது அவர் இல்லை. நான்.

நாட்டைவிட்டுப் போனவர்கள் பெயர் வரக்கூடாது, உன் கவிதைகளைப் பற்றிய அத்தியாயத்தை எடுங்கள் என்று பதிப்பகம் மூன்று முறை கேட்டது. மூன்று முறையும் முடியாது என்றார். போன வருஷம் முதல் ஆபரேஷனுக்கு அவர் படுத்திருந்தபோது பதிப்பகத்துக்காரர் வீட்டுக்கு போன் செய்து, "அது இருந்தா புத்தகம் இல்லம்மா, இதுதான் கடைசி" என்றார். பத்து வருஷ உழைப்பைக் கண்ணால் பார்க்காமலே போய்விடுவாரோ என்று பயந்தேன். அவர் எழுதியதை எல்லாம் டைப் அடித்தது நான்தானே. பதினான்கு பக்கங்களை உருவி எடுத்துவிட்டு, பக்க எண்களை மாற்றி அடித்து அனுப்பிவிட்டேன்.

புத்தகம் வந்ததும் அட்டையைக்கூடப் பார்க்காமல் கடைசியில் இருக்கும் பெயர்ப் பட்டியலைத்தான் புரட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "நீயா?" என்றார். ஆமாம் என்றேன். உனக்கு உண்மையை எழுதுகிறேன் என்றேன். "எழுதாத. அட்டையில என் பேருதான இருக்கு? குத்தமும் என்னோடதுதான்" என்றார். அன்றிலிருந்து மருந்து, தண்ணீர் தவிர என்னிடம் பேச்சே இல்லை. இந்தக் கடிதம், அவர் சொல்லைக் கேட்காமல் நான் செய்யும் இரண்டாவது காரியம்.

அந்தப் பக்கங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் முதல் தொகுப்பில் பாதியைக் கிழித்துப் போடலாம் என்று அவர் பத்திரிகையில் எழுதியதற்கு நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை. இதைப் படி. மனசுக்குள் உன்னை எங்கே வைத்திருந்தார் என்று தெரியும்.

போன வாரம் பழைய மாணவர்கள் மூன்று பேர் புத்தகத்தில் கையெழுத்து வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். "இது முழுப் புத்தகம் இல்ல, போட மாட்டேன். உக்காருங்க" என்று சொல்லி, விட்டுப்போன அத்தியாயத்தை மூச்சு வாங்க வாங்க மனப்பாடமாகவே பாடம் நடத்தினார். உன் வரிகள் ஒன்றுகூடத் தப்பவில்லை. யார் காதிலாவது விழுந்துவிடப் போகிறதே என்று எனக்குத்தான் உதறல். பக்கத்துக் கட்டிலில் இருந்த டிராம் டிரைவர், "யாரு சார் அந்தப் பொண்ணு?" என்று கேட்டார். "ஒரு கவிஞர்" என்றார் அப்பா. அவர்கள் போன பிறகு, நம் பெண் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "சொன்னா பாசத்துல புகழ்றேன்னு நினைப்பாங்க" என்றார். அதற்குப் பிறகு இத்தனை மாதத்தில் என்னிடம் அவர் பேசிய ஒரே முழு வாக்கியம் அதுதான். வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

கண்ணே, என்னை மன்னிக்க உனக்கு மனம் வராவிட்டால் பரவாயில்லை. அவருக்கு மட்டும் எழுது. உன் கடிதம் தபாலில்தான் வந்தாக வேண்டும், இங்கே அதிகாரிகள் பிரித்துப் படிப்பார்கள். அதனால் புத்தகத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அங்கே மழை பெய்கிறது என்று எழுது, என்ன சமைத்தாய் என்று எழுது. "அன்புள்ள அப்பா" என்று ஆரம்பித்தால் அவருக்கு மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

ஆண்டவன் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். இதைப் படித்த அன்றே எழுதிவிடு. அங்கிருந்து ஒரு கடிதம் இங்கே வந்து சேர ஆறு வாரம் ஆகிறது.

உன் அம்மா
அக்லாயா