எட்டாவது குழியும் ஒரு காக்காவும்

அன்பு மகளுக்குச் சித்தப்பா எழுதுவது, நான், உன் சித்தி, தம்பி மூவரும் நடமாட்டமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். கோப்பை நம் வீட்டுக்குத்தான் வரும் என்று நான் அன்றைக்கே சொன்னேனா இல்லையா? உன் தம்பி கோல்ஃப் மட்டையைத் தலைகீழாகப் பிடித்த காலத்திலேயே சொன்னேன், நீதான் சிரித்தாய். என் அப்பா பிறப்பதற்கு முன்னாலிருந்தே அந்தப் பழைய மைதானத்தில் நடக்கிற போட்டி, காசுக்கு ஆடுகிறவர்கள் சேர முடியாது, ஆசைக்கு ஆடுகிறவர்களுக்கு மட்டும். அதில் நம் தம்பி மாதிரி ஒரு லிஃப்ட் மெக்கானிக் ஜெயித்தது இதுதான் முதல் தடவை என்று ஊரே பேசுகிறது, பேசுவது நான்தான், இருந்தாலும் உண்மையாகத்தான் இருக்கும்.

காக்கா கதையை விவரமாக எழுதுங்கள், ஆபீஸில் எல்லாரும் கேட்கிறார்கள் என்றாய். எழுதுகிறேன். எட்டாவது குழி மேட்டுக்கு அந்தப் பக்கம், அடிக்கிறவனுக்குப் பந்து விழுகிற இடம் தெரியாது. மேட்டு மேல் ஓர் ஆள் நின்று, நல்ல இடத்தில் விழுந்தால் வெள்ளைக் கொடி, புதரில் போனால் சிவப்புக் கொடி தூக்க வேண்டும். அந்த உத்தியோகம் பல வருஷமாக எனக்கு, சம்பளம் கிடையாது, தொப்பி உண்டு. கடைசி நாள் தம்பியும் அவனை எதிர்த்து ஆடிய பல் டாக்டரும் அந்தக் குழி வரைக்கும் சமமாக வந்தார்கள். தம்பி அடித்தான், நான் வெள்ளையைத் தூக்கினேன், வந்து பார்த்தால் பந்தைக் காணோம். தொலைந்தால் அபராதம், அடிக்கணக்கு ஏறும், குறைந்த அடியில் முடிக்கிறவன்தான் ஜெயிப்பான். நடுவர் என்னைப் பார்த்து, “என்னய்யா, வெள்ளைதானே காட்டுன, பந்து எங்க?” என்றார். காக்கா தூக்கிட்டுப் போச்சுங்க என்றேன். சாம்பல் கழுத்து, ஒரு கால் நொண்டி, முட்டை என்று நினைத்துக் கவ்வியது. சலூனில் சொல்லும்போது அது இரண்டு காக்கா ஆகிவிட்டது. பறவை தூக்கியதைக் கண்ணால் பார்த்த ஆள் இருந்தால் அபராதம் இல்லை, அங்கேயே வேறு பந்து வைத்து ஆடலாம். பல் டாக்டர்தான் முதலில், “அவர் பாத்தேன்னா பாத்திருப்பாரு, தம்பி ஆடட்டும்” என்றார். ஒரே அடி வித்தியாசத்தில் அவர் தோற்றார், வருஷா வருஷம் இரண்டாவதாக வருகிறவர். போகும்போது என் கையைக் குலுக்கி, “உங்க கண்ணு நல்ல கண்ணுங்க” என்றார். எனக்கு இப்போது கடைவாய்ப் பல் வலிக்கிறது, அவரிடம் போய் வாயைத் திறக்கக் கூசுகிறது.

கோப்பை ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது, அதற்கு முதுகைக் காட்டித்தான் சாப்பிடுகிறேன். “ஊரெல்லாம் அளக்குற மனுஷன், வாயில பூட்டா போட்டிருக்கு?” என்கிறாள் உன் சித்தி. சலூன் இருக்கிற தெருப்பக்கமே இப்போது போவதில்லை. சனிக்கிழமை பெயிண்டர் வந்து கிளப் சுவரில் இருக்கும் ஜெயித்தவர்கள் பலகையில், அத்தனை பழைய பெயர்களுக்கும் கீழே தம்பி பெயரை எழுதப்போகிறார். நான் முன்வரிசையில் உட்கார வேண்டுமாம், தம்பி எனக்குப் புதுச் சட்டை வாங்கிக்கொண்டு வந்து, “நீங்க அங்க நிக்கலேன்னா நான் காலி சித்தப்பா” என்றான். அந்தச் சட்டையைப் பிரிக்கவே இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையோடு வீம்புக்கு நிற்காதே, இரண்டு பேருக்கும் என் ஆசீர்வாதம். காக்கா கதையை மட்டும் ஆபீஸில் சொல்லாதே, மறந்துவிடாதே. போனில் நாக்கு புரளவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். காக்கா வரவில்லை மகளே. தம்பி அடித்தபோது நான் பந்துப் பக்கமே திரும்பவில்லை, வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம், அடிக்கிறான் பாருங்க, நான் தூக்கி வளர்த்த பையன் என்று பீற்றிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டதும் கையில் அகப்பட்ட கொடியைத் தூக்கினேன். கிழவனுக்குக் கண் போய்விட்டது என்று கொடியைப் பிடுங்கிவிடுவார்களே என்கிற பயத்தில் வாயில் வந்ததுதான் காக்கா. இதைத் தபாலில் போட்டுவிட்டு நேராகத் தம்பியிடம் போகிறேன், பிறகு டாக்டரிடம். பலகையில் யார் பெயர் ஏறும், தம்பி என் முகத்தில் முழிப்பானா என்று, எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்கிற எனக்கே தெரியவில்லை.

இப்படிக்கு,
பார்க்காமல் கொடி தூக்கிய உன் சித்தப்பா