விட்டுப்போன வசனம்

ஆவணி 4, திங்கள்

காலையில் தூறல். ஏற்காடு மலை தெரியவில்லை. ஸ்டூடியோ கூரை ஒழுகி செட் நனைந்தது. பதினோரு மணிக்குத்தான் வேலை.

பத்து வருஷத்துக்கு முன் ஓடிய படத்தையே மறுபடி எடுக்கிறோம். காதல், பாட்டு, சிரிப்பு. பாட்டுகள் இன்னும் நிற்கின்றன. பாட்டு எழுதும் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடும் சீன்தான் செத்துக் கிடக்கிறது. "பிராணநாதா" என்றால் இன்று யார் சிரிப்பார்கள்? என்னைப் புதிதாக எழுதச் சொன்னார் டைரக்டர். வியாழன் ஷூட்டிங். ஃபிலிம் ரேஷன், இரண்டாம் டேக் கிடையாதாம்.

வாங்க: மண்ணெண்ணெய், பேனா நிப்பு, பிளேடு.

நல்லம்மா கோபித்துக்கொண்டு அப்பன் வீடு போய்ப் பதினாறு நாள். கடிதம் இல்லை.

ஆவணி 5, செவ்வாய்

புழுக்கம். எழுதிவிட்டேன். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நல்லம்மா கிளம்பிய அன்று பேசியதை அப்படியே கதாநாயகி வாயில் வைத்தேன். "சோறு அடுப்போரம் இருக்குதுங்க. பசிச்சா தின்னுங்க. இல்லீன்னா உங்க காகிதத்தத் தின்னுங்க."

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். ஹார்மோனியம் சவரிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. இது உங்கள் வீட்டுப் பேச்சா, வீட்டம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

படம் நல்லம்மா ஊர்ப் பக்கம், நாமக்கல் கொட்டகைக்கும் போகும். அவள் ஆட்கள் எல்லாரும் பார்ப்பார்கள். நாளை போய் அவளிடமே வாசித்துக் காட்டிவிடணும்.

ஆவணி 6, புதன்

லீவு. முதல் பஸ். பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடும் பஸ், ராசிபுரம் தாண்டி ஒரு மணி நேரம் நின்றுவிட்டது. நாமக்கல்லில் இறங்கி இரண்டு மைல் நடை. சோளம் முழங்கால் உயரம். மாமனார் "வாங்க" என்றார். தொழுவத்துப் பக்கம் கை காட்டினார்.

நல்லம்மா மாட்டுத் தொழுவத்தில். காகிதத்தை எடுத்து முழுதும் வாசித்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். கை கழுவிக்கொண்டு வந்து, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு,

"நான் சொன்னதெல்லாம் இருக்குதுங்க. நீங்க சொன்னது எங்கீங்க?"

அதுதான் இல்லை. அன்று அடுப்படியில் அவள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். எருமை கத்தினால் எப்படி எழுதுவது என்று கேட்டேன். அதற்குத்தான் அந்தப் பதில்.

அங்கேயே தூணில் காகிதத்தை வைத்து அந்த வரியைச் சேர்த்தேன். நடிகர் அதை எப்படிச் சொல்கிறார் என்று பார்க்கணும், நானும் வருகிறேன் என்றாள். மாமனார் தடுக்கவில்லை.

ஆவணி 7, வியாழன்

வெயில். விளக்குச் சூடு வேறு. நல்லம்மாவுக்கு சவரிமுத்து பக்கத்தில் ஒரு பலகை.

ஹீரோ புது வரியைப் பார்த்ததும் மாட்டேன் என்றார். பெண்டாட்டியை எருமை என்கிறவன் கதாநாயகனா, ஜனங்கள் கல்லால் அடிப்பார்கள், எவன் இப்படிப் பேசுவான் என்று கேட்டார். டைரக்டர் என்னைப் பார்த்தார். அந்த வரியை அடித்துவிடலாம் என்று வாய்வரை வந்தது.

"நான் பேசுனேங்க. அங்க உக்காந்திருக்குதே எம்பட ஊட்டுக்காரி, அவகிட்டத்தான்."

விளக்குக்காரர்கள் எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் தலை குனியவில்லை.

ஹீரோ சொன்னார். கதாநாயகி பதில் சொன்னாள். "கட்" வரும்வரை வாயைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் வெடித்துச் சிரித்தார்கள், ஹீரோவைப் பார்த்து. ஒரே டேக்.

வரும் வழியில் நல்லம்மா சொன்னாள்: "அந்தம்மா சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க. நான் அன்னிக்குச் சிரிக்கலீங்க."

தெரியும், தப்புதான் என்றேன். செவ்வாய்ப்பேட்டை வரை எனக்கு முன்னால் நடந்தாள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டியை இன்னும் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இட்டிலிக்கு அரிசி ஊறப் போடட்டுமா என்று மட்டும் கேட்டாள்.